முன்னால் ஒரு சைக்கிள்

பனியனில் இருக்கும் படத்தில் என் மனைவி ஹெல்மெட் போட்டிருக்கிறாள். உயிரோடு இருந்தவரை அவள் ஹெல்மெட்டைத் தொட்டதுகூட இல்லை.

படத்தைச் செய்தது பிரவின்குமார். செங்கல்பட்டில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். எங்கள் சைக்கிள் குழுவின் கேப்டனும் அவன்தான். கல்யாண ஆல்பத்திலிருந்து அன்பரசியின் முகத்தை மட்டும் எடுத்து, பந்தயச் சைக்கிளில் குனிந்திருக்கும் யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் வைத்தான். தலை நிறையப் பூ இருந்ததால் அதை மறைக்க ஹெல்மெட் தேவைப்பட்டது. "செமையா வந்துருக்கு பாரு மச்சான்" என்றான். பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

அன்பரசி அந்தக் குழுவைச் சேர்ந்தவள் இல்லை. மணமை அருகே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். புதுப்பட்டினத்திலிருந்து தினமும் சைக்கிளில் போவாள். நீல நிற லேடீஸ் சைக்கிள். முன்னால் கூடை, கூடையில் சாப்பாட்டுப் பை. ஷேர் ஆட்டோ அவள் நேரத்துக்கு வராது. ஸ்கூட்டி வாங்கலாம் என்றால், பெட்ரோலுக்கு உங்க அப்பாவா தருவார் என்பாள். போன வருடம் மழை தொடங்குவதற்கு முன் ஒரு காலையில், பின்னால் வந்த தண்ணீர் லாரி அவளைப் பார்க்கவில்லை. ஓட்டியவர் அப்படித்தான் சொன்னார். பார்க்கவில்லை.

சைக்கிளில் போனவர் சாவு என்று செய்தி பார்த்துக் குழுவினர் அடக்கத்துக்கு வந்தார்கள். ஒரே நிறப் பனியன், கையில் ஹெல்மெட். கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக நின்றார்கள். அவள் அம்மா சந்திரம்மா அவர்களைப் பார்த்து, "எம் பொண்ணுக்கு இவ்ளோ பேரா" என்று கேட்டு அழுதார். அதற்குப் பிறகு என்னால் அவர்களிடமிருந்து விலக முடியவில்லை. எனக்கு ஒரு பழைய பந்தயச் சைக்கிள் கொடுத்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு 'அன்பரசி ரைடு' என்றார்கள். புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம்.

சந்திரம்மா அத்தை என்னுடன்தான் இருக்கிறார். கருங்குழியில் அவருக்குத் தம்பி வீடு உண்டு. போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. இரண்டு அறை. காலையில் அவர் டீ போடுவார், நான் குடித்துவிட்டு வேலைக்குப் போவேன். சுவரில் மாலை தொங்குவது ஹெல்மெட் படத்துக்கு. பக்கத்து வீட்டு விஜயகுமாரியிடம், "எம் மவ பேர்ல ரோட்ல ஊர்கோலம் போவுதும்மா" என்று சொல்வார். ரைடு நாளில் மட்டும் இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவார்.

ரைடில் நான் கடைசி ஆள். அது ஒரு பொறுப்பு. ஒருமுறை ஒருவர் பஞ்சராகி வெயிலில் தனியாகக் கிடந்துவிட்டார். அப்போது பிரவின் வைத்த விதி. கடைசி ஆள் ஆரஞ்சு சட்டை போட்டு, பின்னால் கொடி கட்டி வருவான். எந்தச் சைக்கிளையும் தாண்டக் கூடாது. யார் நின்றாலும் நிற்க வேண்டும். போலீசோடும் அப்படியே பேசி வைத்திருக்கிறான். ரைடு நடக்கும்போது சாலையின் இடது ஓரத்தில் கோன் வைத்து ஒரு லேனை எங்களுக்கு விடுவார்கள். கொடி தாண்டிய பிறகுதான் கோனை எடுப்பார்கள். கிளம்பும்முன் ஒவ்வொரு முறையும் பிரவின் கத்துவான்: "கடைசி ஆள் எந்த சைக்கிளையும் தாண்டக் கூடாது. எந்த சைக்கிளையும்!"

எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மணமை வளைவுக்கு முன் அவள் விழுந்த இடத்தில் எல்லோரும் "அன்பரசி!" என்று கத்துவார்கள். பந்தயச் சைக்கிள்களில் மணி கிடையாது, அதனால் குரல். கடைசியில் வருகிறவன் கத்தினானா என்று யாருக்கும் தெரியாது.

இந்த மாதம் ரைடுக்கு முன் பிரவின் வீட்டுக்கே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓகே ஆயிடுச்சு மச்சான். ஒரு வருஷமா அலைஞ்சது வீண் போகல."

சாலையை அகலப்படுத்திய பிறகு அதில் சைக்கிளே கூடாது என்று ஒரு பேச்சு இருந்தது. இவன் அதற்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தான். இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஞாயிறு காலைகளில், பதிவு செய்த குழுக்கள் மட்டும், ஹெல்மெட்டும் விளக்கும் குழுவின் அடையாள அட்டையும் இருந்தால், பெரிய சாலையில் போகலாம். அதற்கு 'அன்பரசி காலை' என்று பெயர். மாமல்லபுரத்தில் அதிகாரி வந்து உத்தரவை என் கையில் கொடுப்பார். நான் வாங்கிக்கொண்டு, குடும்பத்துக்கு இதில் முழுச் சம்மதம் என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

"மத்த சைக்கிளெல்லாம்?" என்றேன்.

"அதுங்க உள்ரோட்ல போவட்டும். மச்சான், முழுசா தடை போடறதுக்கு இது மேல் இல்லையா? நீ நின்னாதான் ஆபீசர் கையெழுத்துப் போடுவாரு. குடும்பமே கேக்குதுன்னா யாரும் எதிர்த்துப் பேச முடியாது."

அவன் கெட்டவன் இல்லை. ஒரு வருடம் அலைந்தவன். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெல்மெட் இல்லை, விளக்கு இல்லை, அட்டை இல்லை. திங்கள் முதல் சனி வரை. அன்பரசியின் பெயரில் வரும் உத்தரவில் அன்பரசிக்கு இடமில்லை.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை உள்ளேயிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். "மேடையில என்னையும் கூப்புடுவாங்களாமே தம்பி? இது கட்டினா நல்லா இருக்குமா?" என்று பிரவினிடம் கேட்டார். அந்தப் புடவையை அவர் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அத்தையைக் காரில் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். பிரவின் என்னை முன்வரிசைக்கு வரச் சொன்னான்.

"கடைசியிலேயே வரேன்."

"இன்னிக்குமா? சரி, வா. ஆனா எட்டு மணிக்குள்ள வந்துடு. ஆபீசருக்கு அடுத்த ப்ரோக்ராம் கீது."

கிளம்பினோம். முன்னால் போனவர்கள் சீக்கிரமே கண்ணில் சிறுத்துப் போனார்கள். கோன்களுக்கு இடையில் நான் மட்டும். வலது பக்கம் வாகனங்கள் உரசுவதுபோலப் போயின. மேடையில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முழுச் சம்மதம். ஆமாம் என்றால் அவளுக்கு இடமில்லை. இல்லை என்றால் அத்தைக்கு மேடை இல்லை. மூன்றாவதாக ஒன்று தோன்றவில்லை.

வெங்கப்பாக்கம் கூட்டு ரோட்டில் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் எனக்கு முன்னால் கோன்களுக்குள் நுழைந்தது. கனமான பழைய சைக்கிள். கேரியரில் மீன் பெட்டி, மேலே ஈரச் சாக்கு. ஹேண்டில்பாரில் ரப்பர் ஹாரன். ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். லுங்கி, தலையில் துண்டு.

காவலுக்கு நின்ற ஏட்டு லத்தியை நீட்டினார். "யோவ், வெளிய போ. ரைடு போவுது தெர்ல?"

"நானும் ரைடுதான் சார் போறேன்" என்றார் அவர்.

ஏட்டு என்னைப் பார்த்தார். "வரட்டும் சார். நம்ம ஆள்தான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏட்டு தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்துகொண்டார்.

அவர் மெதுவாகப் போனார். பெட்டியின் எடைக்கு அதற்கு மேல் முடியாது. நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், மீன் வேணுமா?"

"வேணாம்."

"அப்பறம் ஏன் பின்னாலயே வந்துகினு கீற? முன்னால போயேன். எடம் கீதுல்ல."

"போகக் கூடாது."

"யாரு சொன்னா?"

"நான்தான் கடைசி ஆள். எந்தச் சைக்கிளையும் தாண்டக் கூடாது. விதி."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "எனக்குப் பின்னால ஒரு ஆளு! எங்க நைனாவுக்குக்கூட இந்த மரியாத கெடச்சதில்ல. எம் பேரு நீலமேகம். உன் பேரு?"

"ஆல்வின்."

"எனக்குப் பின்னால எப்பவும் லாரிதான் ஆல்வினு. ஹார்ன் அடிச்சான்னா மண்ணுல எறங்கிடுவேன். பின்னால மன்சன் வரான்னா முதுகு ஒரு மாரி கீது. கூசுது."

ஒரு தெருமுனையில் நின்று ஹாரனை அழுத்தினார். பாம், பாம். நானும் காலை ஊன்றினேன். ஒரு அம்மா கிண்ணத்தோடு வந்து பேரம் பேசி, திட்டி, வாங்கிக்கொண்டு போனார். கிளம்பினோம். அடுத்த தெருவில் மறுபடி பாம், பாம். காலை ஊன்றினேன்.

பெட்டியை மூடும்போது நீலமேகம், பட்டன் போடாத ஆரஞ்சு சட்டைக்குள் தெரிந்த என் பனியனைப் பார்த்தார். "இது யாரு, சினிமாவுல வர்றவங்களா?"

"என் வீட்டுக்காரி."

"நல்லா கீறாங்க. சைக்கிள் பந்தயத்துக்குப் போறவங்களா?"

"இல்ல. டீச்சரா இருந்தா. மணமைக்கிட்ட."

அவர் கை சாக்கின் மேல் நின்றது.

"நீல சைக்கிளா? கூடையில பையி?"

"ஆமா."

"சனிக்கெழமன்னா என்னாண்ட நெத்திலி வாங்கும். தலைய கிள்ளிக் குடுத்தாதான் வாங்குவேன்னு நடுரோட்ல சண்ட போடும். அன்னிக்கி நான் கடப்பாக்கத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தேன். வந்து கேட்டா, டீச்சர் போயிடுச்சின்னாங்க." மறுபடி பனியனைப் பார்த்தார். குனிந்து, கிட்டத்தில் பார்த்தார். "அதுவா இது? இல்ல சார். இது வேற யாரோ."

யாரும் இதுவரை அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"அடுத்த மாசத்துல இருந்து இந்த ரோட்ல உங்க சைக்கிள் வரக்கூடாது" என்றேன்.

"இன்னா சொல்ற?"

"உள்ரோட்லதான் போகணும். ஆர்டர் வருது. இன்னிக்கு மாமல்லபுரத்துல. என் கையிலதான் கொடுக்கப் போறாங்க."

"உன் கையிலயா?"

"அவ பேர்ல."

அவர் என்னை முறைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "உள்ரோட்ல சுத்தினு போனா மணமை போறதுக்குள்ள மீனு நாறிடும். அப்பறம் நான்தான் துன்னணும்" என்றார். "நீ எதுக்குப் போய் வாங்கற?"

"வாங்கலைன்னா அவ அம்மா மேடையில தனியா நிப்பாங்க."

"எத்தினி மணிக்கு?"

"எட்டுக்குள்ள."

நீலமேகம் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். மறுபடி கட்டினார். அவசரமே இல்லாமல் கட்டினார். "அப்ப நீ என்னைத் தாண்டிப் போயேன்" என்றார்.

"தாண்டக் கூடாது."

"நெசமாவா?"

"நெசமா."

"சரி. நான் என் வியாபாரத்த பாக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு தெருவிலும் நின்றார். யாருமே வராத தெருவிலும் ஹாரனை அழுத்தினார். பூட்டியிருந்த ஒரு வீட்டின் முன் நின்று, "யம்மா, வஞ்சிரம் கீது" என்று கூப்பிட்டார். பெட்டியில் வஞ்சிரம் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் காலை ஊன்றினேன். பின்னால் போலீஸ் ஜீப் ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. நீல விளக்கைச் சுழற்றிக்கொண்டு எங்கள் வேகத்தில் ஊர்ந்தது.

மணமை வளைவுக்கு முன் வந்தோம். அந்த இடம். எப்போதும் கும்பல் கத்துகிற இடம். நீலமேகம் நின்று பாம், பாம் என்று அடித்தார்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் பாத்திரத்தோடு வந்தாள். "நெத்திலி கீதா?"

"கீது."

"தல கிள்ளித் தருவியா?"

"உனக்கும் கிள்ளித் தர ஆளா வெப்பாங்க? நீயே கிள்ளிக்க."

அவள் திட்டிக்கொண்டே வாங்கினாள். நெத்திலியின் ஈரம் தாரில் சொட்டியது. நான் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கே நான் ஒரு முறைகூட நின்றதில்லை. எப்போதும் கும்பலோடு கடந்திருக்கிறேன்.

போன் அடித்தது. பிரவின்.

"எங்கடா இருக்க?"

"மணமை."

"இன்னும் மணமையா? யாருக்கு பஞ்சர்?"

"பஞ்சர் இல்ல. முன்னால ஒரு சைக்கிள் போகுது."

"எந்த சைக்கிள்? எல்லாரும் வந்துட்டாங்களே, எண்ணிட்டேனே."

"மீன்காரர்."

மேடையின் மைக் சத்தத்துக்கு மேல் கத்தினான். "மச்சான், விளையாடற நேரமா இது? அவரு நம்ம ஆளே இல்ல. தாண்டி வாடா."

"எந்த சைக்கிளையும்னு நீதான சொன்ன."

"ஆபீசர் வாட்ச்ச பாத்துகினு கீறாரு! இரு, உங்க அத்தைகிட்ட தரேன். அவங்களாவது சொல்லட்டும்."

அத்தை வந்தார். மூச்சு வாங்கியது. "மாப்ள, இன்னா ஆச்சு? வுழுந்துட்டியா?"

"இல்ல அத்தை. நல்லாதான் இருக்கேன். முன்னால ஒருத்தர் போறாரு. விட்டுட்டு வர முடியல."

"யாரு?"

"மீன்காரர் நீலமேகம்."

"ஹார்ன் அடிச்சிகினு வருவாரே, அவரா? நெத்திலிக்கு இவ சண்ட போடுவாளே."

"ஆமா."

பின்னணியில் யாரோ அவரை முன்னால் வரச் சொன்னார்கள். "இங்க பேசிக்கிறாங்க மாப்ள" என்றார் தாழ்ந்த குரலில். "அட்ட இல்லாத சைக்கிளெல்லாம் இனிமே ரோட்ல வரக்கூடாதாமே. நெசமா?"

"ஆமா."

"எம் பொண்ணுகிட்ட ஏது அட்ட?"

நீலமேகம் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு சால்வ போட்டாங்க" என்றார் அத்தை. "ஒரே புழுக்கமா கீது. வேர்த்து ஊத்துது. சரி, நீ மெதுவா வா. நான் போயி ஒக்காந்துக்கறேன்." வைத்துவிட்டார்.

மெதுவாக வா என்றதை இரண்டு முறை மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். கிளம்பினோம்.

பூஞ்சேரிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் எதிர்ப்பக்கம் சைரனோடு போனது. ஜீப்பிலிருந்த போலீஸ்காரர்கள் இறங்கி சல்யூட் அடித்தார்கள். நீலமேகமும் ஒரு கையை விட்டு சல்யூட் அடித்தார். கார் நிற்கவில்லை.

பிரவின் எதிரே வந்தான். தன் பந்தயச் சைக்கிளில் தனியாக. கோனை ஒட்டிப் பிரேக் போட்டான். முகம் சிவந்திருந்தது.

"ஆபீசர் போய்ட்டாரு. குடும்பம் இல்லாம இதக் குடுக்க மாட்டேன்னுட்டாரு. உங்க அத்தைய கேட்டா, எனக்கு எதுவும் தெரியாது, மாப்ள வந்தா கேளுங்கன்றாங்க. அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிட்டாரு." ஜீப்பையும் மீன் பெட்டியையும் பார்த்தான். "ஒரு வருஷம்டா ஆல்வின். உனக்கு இன்னாதான் வேணும்?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. அடுத்த மாதமும் ஒரு முதல் ஞாயிறு வரும். படம் இருக்கும், பனியன் இருக்கும், இதே கேள்வி இருக்கும். வீட்டுக்குப் போனால் சுவரில் ஹெல்மெட் இருக்கும். எதுவும் முடியவில்லை. ஒரு காலை மட்டும் தள்ளிப்போயிருந்தது.

"அந்தப் படத்த மாத்திடு" என்றேன். "அது அவ இல்ல."

பிரவின் என் பனியனைப் பார்த்தான். தான் செய்த வேலையை முதல்முறை பார்ப்பவன்போல. சைக்கிளைத் திருப்பினான். தனியாகத் திரும்பிப் போனான்.

பூஞ்சேரி முனையில் நீலமேகம் இறங்கினார். பெட்டி காலி. பின்னால் ஏட்டுகள் கோன்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எடுத்த இடங்களில் உடனே வண்டிகள் நுழைந்தன. ஒரு தண்ணீர் லாரி காதருகே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நீலமேகம் யோசிக்காமலே சைக்கிளை மண்ணில் இறக்கினார். நானும் இறக்கினேன்.

"அவ்ளோதான், மரியாத முடிஞ்சிது" என்று சிரித்தார். "நாளைக்கு இதே ரோடு, இதே லாரி. நீ போ. உங்க அத்த தேடும்."

"நாளைக்கு வெங்கப்பாக்கம் எப்ப வருவீங்க?"

"ஏன்? நாளைக்கு ஞாயித்துக்கெழம இல்லியே."

நான் ஆரஞ்சு சட்டையைக் கழற்றவில்லை. கொடி பின்னால் லாரிக் காற்றில் அடித்துக்கொண்டது.

"வேலைக்குப் போறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் இருக்கு" என்றேன். "மணமை வரைக்கும்."